நைனாவின் தாடி

திருநெல்வேலி
2 ஜூலை 2025

வளவா,

அம்மாவின் உத்தரவுப்படி எழுதுகிறேன். போனில் நாம் இருவரும் போட்ட சத்தத்துக்குப் பிறகு அவள் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசக்கூடாது. உங்க நைனா கப்பல்ல இருந்தப்ப நாங்க சண்டையக்கூட கடுதாசியிலதான் போட்டோம். ஒரு சண்டை முடிய ரெண்டு மாசம் ஆவும். அதுக்குள்ள கோவம் ஆறிப்போயிடும்." எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று நடந்ததை நினைத்துப் பார்: நைனாவுக்குத் தலைதிவசம் முடிந்து இலை போட்டாயிற்று. சொந்தக்காரர்கள் எல்லாரும் பந்தியில் இருக்கிறார்கள். நீ வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "வர்ற ஆடிக் கிருத்திகைக்கு அக்கா மலையில முடி குடுக்கப்போவுது" என்று அறிவிக்கிறாய். பரந்தாமன் சித்தப்பா "நல்லது, நல்லது" என்று தலையாட்டுகிறார். என்னை யாரும் கேட்கவில்லை. சாப்பிடாமல் பஸ் ஏறினேன். அதற்காக அம்மாவிடம் மட்டும் வருந்துகிறேன்.

அந்த வேண்டுதல் கதை எனக்குத் தெரியாததல்ல. நான் குறைமாதத்தில் பிறந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியில் பிழைப்பேனா என்று கிடந்தேன். அம்மா திருத்தணி முருகனிடம், குழந்தை பிழைத்தால் அதன் அப்பன் தலைமுடியையும் தாடியையும் உனக்குக் கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். கடற்படையிலிருந்த நைனாவுக்கு அதை எழுதினாள். அவர் பதில் எழுதினார்: "என்னைக் கேட்காமல் என் தாடியை நேர்ந்துவிட நீ யார்? அது நேவியிடம் அனுமதி வாங்கி வளர்த்த தாடி. கொடுப்பதாக இல்லை." அந்த வரிகளை அம்மா நம்மிடம் எத்தனை முறை சொல்லிக் காட்டியிருக்கிறாள்! நாற்பத்தெட்டு வருஷம் அவர் அந்தத் தாடியோடு இருந்தார். அந்தத் தாடியோடுதான் போனார்.

இப்போது அவர் கொடுக்காத கடன் மூத்த பிள்ளையான என் தலைமேல் விழுந்திருக்கிறது என்கிறாய். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். மொட்டைத் தலையோடு வகுப்புக்குள் போக வெட்கமா என்றால், ஆமாம், அதுவும் உண்டு. ஆனால் முதல் காரணம் நைனா சொன்னதுதான். என்னை யாரும் கேட்கவில்லை. கொடுப்பதாக இல்லை.

மோனிகாவின் கால் எப்படி இருக்கிறது?

மணியம்மை


கே.ஜி.கண்டிகை
8.7.2025

அக்காவுக்கு வளவன் எழுதினது.

கடசி வரியிலயாவது மோனி காலைப் பத்திக் கேட்டியே, அதுக்கு சந்தோசம். கால் அப்படியேதான் கீது. ஸ்கூட்டில இருந்து விழுந்து நாலு மாசம் ஆவுது. பிளேட் வெச்சும் எலும்பு கூடல. ஆடி மாசத்துக்குள்ள கூடலன்னா திரும்ப அறுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பதினாறு வயசுப் பொண்ணு. நைட்டுல வலி தாங்காம என்னப் பாத்து "நைனா நைனா"ன்னு கூப்புடுது. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல அக்கா.

பந்தியில வெச்சு சொன்னது தப்புதான். தனியா கேட்டா நீ கணக்கு போட்டு என்ன மடக்கிடுவ, அதனாலதான் நாலு பேர் எதுக்க சொன்னேன்.

நான் மோட்டார் காயில் கட்றவன். ஒரு வூட்டு மோட்டார் ஒருவாட்டி பொகைஞ்சா காயிலை மாத்துவேன். அதே வூட்ல திரும்பத் திரும்ப பொகைஞ்சா லைனைப் பாப்பேன். மொதல்ல நைனா போனாரு. அப்புறம் அம்மாவுக்கு சக்கரை ஏறிச்சு. இப்ப மோனி. லைன்ல எங்கியோ ஒண்ணு தப்பா கீது. ஜோசியர்கிட்ட நானா போய் சொல்லல, அவரே கேட்டாரு, "வூட்ல மலைக்கடன் பாக்கி கீதா"ன்னு.

ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. நீ இன்னிக்கு காலேஜ்ல நின்னுகினு பாடம் நடத்தறியே, அந்த உசிரு அந்த வேண்டுதல்ல வாங்கினது. வாங்கினவங்கதான குடுக்கணும்? என் முடியக் குடுக்கறேன்னு சொன்னேன். அம்மா ஒத்துக்கல. "உனக்காக நேந்துக்கலடா"ன்னுது.

நைனா ஞாபகம் வந்துகினே கீது. நேத்து கரண்ட் போச்சு. ஃபேன் நின்ன ஒடனே எழுந்து உக்காந்துட்டேன். அவரும் அப்படித்தான? கப்பல் பாய்லர் ரூம்ல படுத்து எழுந்த ஆளு, சத்தம் கேட்டா தூங்குவாரு, சத்தம் நின்னா "இன்னா ஆச்சு, எஞ்சின் நின்னு போச்சா"ன்னு பதறி எழுந்துப்பாரு. இப்ப அந்த வியாதி எனக்கு வந்துகீது.

ஞாயித்துக்கெழம பள்ளிப்பட்டு போறேன், வரதராஜன் மாமாவப் பாக்க. நைனாவோட ஒரே கப்பல்ல இருந்தவரு. முட்டி வலின்னு தெவசத்துக்கு வரல. அவர விட்டு உனக்கு சொல்லச் சொல்லப் போறேன். நான் சொன்னா கேக்க மாட்ட, நைனா கூட்டாளி சொன்னா கேப்ப இல்ல?

வளவன்


திருநெல்வேலி
14 ஜூலை 2025

வளவா,

மோனிகாவின் வலியைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை. அறுவைச் சிகிச்சை என்றால் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன். முடி கொடுக்க அல்ல, ஆஸ்பத்திரியில் அவளோடு இருக்க.

ஆனால் "வாங்கின உசிரு" என்றாயே, அதை நீ எழுதியிருக்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகள் எத்தனையோ. அத்தனை அம்மாக்களும் எதையாவது நேர்ந்துகொண்டிருப்பார்கள். பிழைக்காத குழந்தைகளின் அம்மாக்களும் நேர்ந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்த ஜோசியரும் கேட்பதில்லை. மோனிகா ஏன் விழுந்தாள் என்றால், வண்டி ஓட்டும்போது போனைப் பார்த்தாள். அவளே என்னிடம் சொன்னாள். உன்னிடம் சொல்லவில்லை, திட்டுவாய் என்று.

நைனா இந்த விஷயத்தில் என் பக்கம்தான் இருந்தார் என்று எப்போதும் நினைத்திருக்கிறேன். அம்மா ஒவ்வொரு கிருத்திகைக்கும் தொடங்குவாள், "இந்த வருசமாவது குடுத்துடுங்க, சாமி கடன்" என்று. அவர் எண்ணெய் தொட்டுத் தாடியைத் தடவிக்கொண்டே, "அது எனக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம், நீ நடுவுல வராத" என்பார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கும்.

சென்னையில் எம்.எஸ்ஸி. சேர அவரோடு போனேன். ஹாஸ்டல் காப்பாளர் அம்மாள் தாடியைப் பார்த்துவிட்டு, "சாமியார்லாம் உள்ள வரக்கூடாது" என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டாள். நைனா பாய்லர் ரூம் குரலில், "சாமியே கெடையாதுன்றவன்மா நான்" என்றார். காது மந்தம் ஆகையால் அது தெரு முழுக்கக் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எனக்கும் அவரிடம் ஒரு குறை உண்டு. உனக்குத் தெரிந்ததுதான். நான் சாகக் கிடந்தபோது அவர் வரவில்லை. "வேலூர்ல புள்ளைய வெச்சிகினு நான் ஒண்டியா கெடந்தேன், மனுசன் வரவே இல்ல" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அவர் எழுந்து கடைக்குப் போய்விடுவார். என்னை முதலில் பார்த்தபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். கப்பல் வேலை அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒருமுறையாவது அவரையே கேட்டிருக்கலாம்.

வரதராஜன் மாமாவை எனக்கு எதிராகக் கிளப்பிவிடப் போயிருக்கிறாய். இருக்கட்டும். அவர் சொன்னாலும் என் பதில் மாறாது.

மணியம்மை


கே.ஜி.கண்டிகை
21.7.2025

அக்கா,

இந்தக் கடுதாசிய எழுதலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன். கிழிச்சுப் போட்டுட்டா உனக்குத் தெரியவே தெரியாது. ஆனா அது நைனாவுக்கு செய்யற துரோகம் ஆயிடும். அதனால எழுதறேன்.

பள்ளிப்பட்டு போனேன். மாமா வாசல்ல நார்க்கட்டில்ல கால நீட்டிகினு இருந்தாரு. டீ வந்துச்சு. விசயத்த சொன்னேன், மாமா, நைனா பாக்கி வெச்ச மலைக்கடனுக்கு அக்கா முடி குடுக்கணும், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கன்னு. அவரு டீய வெச்சுட்டு என்னையே பாத்தாரு.

"எந்தக் கடன்டா?"

"அதான் மாமா, அம்மா நேந்துகினது. தாடி."

"டேய், அவன் அதக் குடுத்துட்டான்டா. நான் பக்கத்துல நின்னேன்."

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அவரு சொன்னத அப்படியே எழுதறேன்.

நீ வேலூர்ல கெடந்தப்ப இவங்க கப்பலு மெட்ராசுக்கு வந்துச்சாம். ஒரே ஒரு நாளு. காலைல எறங்கி சாயங்காலத்துக்குள்ள ஏறிடணும். நைனாவும் மாமாவும் சென்ட்ரல் ஸ்டேசனுக்கு வந்தாங்க. வேலூரு போனா திருத்தணி போவ முடியாது, திருத்தணி போனா வேலூரு போவ முடியாது. நைனா திருத்தணிக்கு டிக்கெட் எடுத்தாராம். மாமா கேட்டாராம், "ஏன்டா, புள்ளையப் பாக்காம இங்க எதுக்குடா?" நைனா சொன்னாராம், "நான் போய் பாக்கறதால அது பொழைக்கப் போறது இல்ல. இது ஒதவுனா ஒதவட்டும்."

மலைக்குப் போயி தலையும் தாடியும் மொத்தமா எடுத்துட்டாரு. சாமி கும்புடலயாம். கொளத்துல முழுக்கு போட்டுட்டு அப்படியே ஸ்டேசனுக்கு வந்துட்டாராம்.

அப்புறந்தான் வேடிக்க. நேவில தாடி வளக்க அனுமதி வாங்கணும், எடுக்கவும் வாங்கணுமாம். அடையாள அட்டையில போட்டோ தாடியோட கீது இல்ல? கப்பல் ஏணிகிட்ட ஆபீசர் அட்டையப் பாக்கறாரு, ஆளப் பாக்கறாரு. "யார்ரா நீ?"ன்றாரு. மாமா, "சார், இவன் தேசப்பன்தான் சார்"னு சத்தியம் பண்றாரு. "ஏன் எடுத்த?"ன்னு கேட்டா, கோயிலுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களாம். நைனா சொன்னாராம், "அரிச்சுது சார்."

மெஸ்ஸுல அத்தினி பேர்கிட்டயும் சாமி இல்லன்னு பேசிகினு இருந்த ஆளு, எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்லுவாரு? தாடி திரும்ப வளக்க ரொம்ப நாள் அனுமதி குடுக்கல. லீவு எல்லாம் நிறுத்திட்டாங்க. பித்தள தேய்க்க விட்டாங்களாம். அதனாலதான் நீ தவழ்ற வரைக்கும் வர முடியல.

அம்மாகிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். மாமா சிரிக்கல. "மெட்ராஸ் வரைக்கும் வந்தவன் புள்ளையப் பாக்காம மலைக்குப் போனேன்னு பொண்டாட்டிகிட்ட எப்படிடா சொல்லுவான்? எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். இப்ப அவனே இல்ல, சத்தியம் எதுக்கு"ன்னாரு.

திரும்பி வரப்ப வண்டிய ஓரமா நிறுத்திட்டு ரொம்ப நேரம் நின்னேன் அக்கா. நான் உனக்கு எதிரா சாட்சி தேடிப் போனேன். நீ ஜெயிச்சுட்ட.

அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

வளவன்


திருநெல்வேலி
26 ஜூலை 2025

வளவா,

உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

இதை நீ கிழித்துப் போடாமல் அனுப்பினாய். உன்னைப் பற்றி இந்த இரண்டு மாதத்தில் நான் நினைத்ததில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி அந்த வடைத் தட்டுக்கு.

இதை நம்பவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறதோ, அவ்வளவு சந்தேகமாகவும் இருக்கிறது. எனக்குச் சாதகமாக இருக்கிறது. அதோடு நான் குழந்தையிலிருந்து சுமந்த குறையையும் துடைக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் இனிக்கிற சாட்சியை நான் வகுப்பில் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரதராஜன் மாமா பொய் சொல்வார் என்று சொல்லவில்லை. வயதானவர், நண்பனை இழந்தவர். யாரோ ஒருவரின் மொட்டை நைனாவின் தலைக்கு மாறியிருக்கலாம்.

அதனால் ஒரு காரியம் செய். மாமா சொன்ன எதையும் அம்மாவிடம் சொல்லாதே. மொட்டை, திருத்தணி, மெட்ராஸ் என்ற வார்த்தையே வரக்கூடாது. சும்மா பேச்சோடு பேச்சாக இந்த ஒன்றை மட்டும் கேள்: நைனா என்னை முதல்முதலாகப் பார்க்க வந்தபோது அவர் தாடி எப்படி இருந்தது? எப்போதும்போல் இருந்தது என்று சொன்னால், மாமா சொன்னது நடக்கவில்லை. ஒரு தாடி அவ்வளவு சீக்கிரம் பழைய நீளத்துக்கு வராது.

அவள் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுது. அலங்காரம் வேண்டாம். மாமா சொன்னது தவறு என்று ஆனாலும் எழுது.

மணியம்மை


கே.ஜி.கண்டிகை
2.8.2025

அக்கா,

மொதல்ல ஒண்ணு. மோனிய நேத்து படம் எடுத்துப் பாத்தாங்க. எலும்பு கூடிகினு வருது, திரும்ப அறுக்க வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. யாரும் இன்னும் ஒரு முடியும் குடுக்கல, அதுக்குள்ள கூடிடுச்சு. நீ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். போன் விசயத்தயும் மோனி ஒத்துகினா. திட்டல. கொஞ்சமா திட்டினேன்.

இப்ப நீ கேட்டது. சாயங்காலம் அம்மா அவரக்கா உரிச்சிகினு இருந்துச்சு. பக்கத்துல உக்காந்து நானும் உரிச்சேன். நீ சொன்ன மாரியே கேட்டேன். கொஞ்சங்கூட யோசிக்கல.

"தாடியா? எங்கடா இருந்துச்சு தாடி! போறப்போ கழுத்து மறைய வெச்சிகினு போனாரு. வந்தப்போ கன்னத்தோட ஒட்டிகினு இருந்துச்சு. இன்னாங்க இதுன்னு அலறிட்டேன். பாய்லர் நெருப்பு பொசுக்கிடுச்சுன்னாரு. நான் அழுது, கத்தாழ கொண்டாந்து, வந்த லீவு முழுக்க தெனம் மூஞ்சி பூரா தடவி வுட்டேன். பேசாம காட்டிகினு உக்காந்திருந்தாரு. ஒரு வடு கெடையாது, ஒரு கொப்புளம் கெடையாது. கத்தாழ நல்லா கேக்குதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன்."

அக்கா, எனக்கு சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அம்மா, "ஏன்டா மூஞ்சி அப்படி ஆவுது"ன்னு கேட்டுச்சு. சொல்லிட்டேன். எல்லாத்தையும்.

அம்மா அவரக்காய உரிச்சிகினே இருந்துச்சு, தோல சட்டியில போட்டுச்சு, காய கீழ போட்டுச்சு. அப்புறம் கத்த ஆரம்பிச்சுது பாரு! "பாவி மனுசா! ஸ்டேசன் வரைக்கும் வந்துட்டு என் புள்ளையப் பாக்காம போனியா! நெருப்புன்னு சொல்லி ஏமாத்தி கத்தாழ தடவிகினியா!" போட்டோவப் பாத்து திட்டுது. மோனி அம்மா தமிழ்செல்வி அடுப்ப நிறுத்திட்டு ஓடியாந்துட்டா. நாங்க பயந்துட்டோம்.

கொஞ்ச நேரம் கழிச்சு கொரல் எறங்கிச்சு. "வரதராஜன் அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டியா"ன்னுது. இன்னாம்மான்னேன். "அன்னிக்கு அவரு சாப்ட்டாராமா?" நான் கேக்கலன்னேன். "அதக் கேக்கத் தோணல பாரு உனக்கு"ன்னு என்னத் திட்டிச்சு. ஒடனே மாமாவுக்கு போன் போட வெச்சுது. ஸ்டேசன்ல ரெண்டு பேரும் தயிர்சோத்துப் பொட்டலம் சாப்ட்டாங்களாம். நைனா மாமாவோட பாதியையும் சேத்து துன்னாராம். அதக் கேட்டப்புறந்தான் அம்மா மூஞ்சி தெளிஞ்சுது.

கிருத்திகைக்கு மலைக்குப் போவணுமாம். கடன் குடுக்க இல்ல. "நாப்பத்தெட்டு வருசமா கடன்காரன்னு அந்த ஆளத் திட்டினேனே, முருகனுக்குத் தெரியும் இல்ல, அவன் எதுக்கு சும்மா இருந்தான்? போய்க் கேக்கறேன்"னுது. நீயும் வரணும்னு சொல்லுது. நானும் சொல்றேன். முடி ஒண்ணும் வேணாம். சும்மா வா அக்கா.

வளவன்


திருநெல்வேலி
21 ஆகஸ்ட் 2025

வளவா,

நேற்று காலை வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

மலையில் நான் ஒரு மணி நேரம் காணாமல் போனதற்கு நீ ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தில் எங்கோ சிக்கிக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். சொல்லிவிடுகிறேன்.

நீ அம்மாவையும் ஊன்றுகோலோடு மோனிகாவையும் வரிசையில் நிறுத்திய பிறகு, நான் முடி எடுக்கிற மண்டபத்துக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல, அது உனக்குத் தெரியும். நைனா உட்கார்ந்த இடம் அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு என்பதும் தெரியும். அந்தக் கட்டிடம் பார்த்தாலே புதிது. ஆனாலும் பார்க்கவேண்டும் போலிருந்தது.

காவடிகள் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்திருந்தன. ஒரு ஓரத்தில் ஈரத்தரையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடி கொடுத்தபோது நைனாவுக்கு இருபத்தைந்து வயது. என் மாணவர்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நம்பாத ஒன்றின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. உதவாது என்று தொண்ணூறு பங்கு நினைத்திருப்பார். மீதிப் பத்துப் பங்குக்காக என்னைப் பார்க்கும் ஒரே வாய்ப்பைக் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் அவர் என்னைப் பார்க்க வரவில்லை என்றுதான் நான் கணக்கு வைத்திருந்தேன்.

அவர் செய்ததால் நான் பிழைத்தேன் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அவரும் சொல்லமாட்டார். அது வேறு. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அதற்கு விளக்கம் தேடவில்லை.

முடி எடுக்கிறவர் ஒருவர் கத்தியைக் கழுவிக்கொண்டே என்னைக் கவனித்துவிட்டார்.

"வாம்மா, உக்காரு. பூமுடியா, மொட்டையா?"

"எனக்கு இல்லீங்க. எங்க வூட்ல குடுத்தாச்சு."

"எப்போ?"

"நான் கைக்குழந்தையா இருக்கறப்போ. எங்க நைனா குடுத்தாரு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்போ இங்க இன்னாத்துக்கு குந்திகினு கீற? நவுறும்மா, பின்னால ஆளு நிக்கிது."

நகர்ந்து உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை.

மணியம்மை